பொங்கலுக்கு முன்னால் பேசிவிடுவோம்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், தலைமை ஆசிரியர் அம்மா, எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்களுக்குப் புதியவள் இல்லை. 2022இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது தலைவியாக இருந்தவள். அப்போது நாங்கள் 20 பேர். 2024இல் உங்களைத் தேர்ந்தெடுத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். என் பெரியவன் எட்டாவது முடித்து வெளியே போய்விட்டான். சின்னவள் ஏழாவது, நம் பள்ளியில்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தையில் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விடுகிற நம் பிள்ளைகளைப் பற்றி நேரில் இரண்டு தடவை சொன்னேன். கூட்டம் முடிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் சொன்னால் யார் காதிலும் விழாது. அதனால் எழுதிவிட்டேன். ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் நம் பள்ளியைப் போன்ற பள்ளிகள் நிறைய. அங்கே இருக்கும் குழுக்காரர்களும் படிக்கட்டும்.

கார்த்திகை பாதி போய்விட்டது. மார்கழி போனால் தை. பொங்கல் கழிந்ததும், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியின் வண்டி வந்து வேப்பமரத்தடியில் நிற்கும். சட்டி பானை, பாய், அரிசி மூட்டை, கோழி, எல்லாம் ஏறும். பிள்ளைகளும் ஏறுவார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்குப் போனால் மழை பிடித்த பிறகுதான் திரும்புவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கணவன் மனைவி ஜோடியாகப் போய்த்தான் கல் அறுத்துக் கழிக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடம் இல்லை. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே நம் திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள் நம்மிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கின்றன. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டும். அது மூன்று ஆண்டுத் திட்டம், ஒவ்வோர் ஆண்டுக்கும் தனிப் பகுதி. நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அது தயாராக வேண்டும் என்கின்றன அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகள். மார்ச்சிலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் டிசம்பர் கடைசி. மேஸ்திரியின் வண்டி வருவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு. ஊரில் எல்லோரும் இருக்கும் நாள்கள் அவை. நம் ஊரின் நிலைமையைப் பார்த்தே யாரோ தேதி குறித்த மாதிரி இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்று சொல்கிறேன்.

2022 டிசம்பரில் என் தலைமையில் எழுதிய திட்டம் இன்னும் அலுவலக பீரோவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சுற்றுச்சுவர், கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, ஆறாம் வகுப்புக்கு ஓடு மாற்றுவது, மேசை நாற்காலி. ஒரே ஒரு மதியத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினோம். சுவர் வந்தது. அதற்காக நான் வட்டார அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தேன் என்பது அப்போதைய உறுப்பினர்களுக்குத் தெரியும். சுவர் வேண்டாம் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். வகுப்புக்குள் மாடு வந்த பள்ளி அது.

ஆனால் 2023 ஜனவரி கடைசியில் மூன்றாம் வகுப்புக்குள் போய் நின்றபோது கடைசி வரிசை முழுக்கக் காலி. பள்ளி முழுக்க எண்ணினோம். பதினொரு பிள்ளைகள் இல்லை. பதினொன்றும் ஏரிக்கரை இருளர் குடியிருப்பையும் அதற்கு அடுத்த தெருவையும் சேர்ந்தவை. அந்தத் தெருக்களிலிருந்து ஒருவர்கூட அந்த டிசம்பர் மதியம் எங்கள் மேசையில் இல்லை.

ஜூனில் அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பெரும்பாலோர். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி. அது நல்ல ஏற்பாடு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேட்டில் நான்காம் வகுப்புக்குப் போன பையன், அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் மேல் படியான மலர் நிலையில் இருந்தவன், மறுபடி முதல் படியான அரும்புக்கு வந்திருந்தான். அவன் பக்கத்துப் பையன் உரக்கப் படிக்கும்போது இவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான்கு மாதம் களிமண்ணைப் பிசைந்தும், காய்ந்த கல்லைத் திருப்பிப் போட்டும் இருந்தவன். கை தோல் உரிந்து தடித்திருந்தது. டீச்சர் அவனைத் திட்டவில்லை, பாவம், அவர் என்ன செய்வார், இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு.

அதற்கு அடுத்த மார்கழியில் நானும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் ஒரு சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். திட்டம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்க் கேட்டுவிடுவோம் என்று. முதல் வீட்டில் ஒரு ஆயா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு பேத்திகள் நம் பள்ளியில். ஒருத்தி ஐந்தாவது, ஒருத்தி இரண்டாவது.

“டீச்சர் வரலியா, நீங்க மட்டும் வந்துருக்கீங்க?” என்றார்.

“நாங்க பள்ளிக்கூடக் குழு, ஆயா. பிள்ளைங்களை சூளைக்குக் கூட்டிட்டுப் போகாம இங்கயே வச்சுக்க முடியுமான்னு கேக்க வந்தோம்.”

“வச்சுக்கலாம். வீடு இருக்குது, நான் இருக்கிறேன். அரிசிக்கு எங்க போவேன்? கார்டு என் மவன் பேர்ல. அவன் எடுத்துட்டுப் போயிடுவான். அங்க போய் கை வச்சு வாங்கிக்குவான். இங்க எனக்கு யார் குடுப்பா?”

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை, விழிப்புணர்வு இல்லை, பேரணி நடத்த வேண்டும் என்றெல்லாம் நாங்கள் கூட்டத்தில் பேசியிருந்தோம். பேரணிக்கு அட்டைகூட எழுதினோம். அந்த ஆயாவுக்கு எந்த விழிப்புணர்வும் குறைவில்லை. ஒரு ரேஷன் கார்டு இல்லை, அவ்வளவுதான். இரண்டு பெண் பிள்ளைகளின் நான்கு மாதப் படிப்பு ஒரு ரேஷன் கார்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அது தெரிய எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆனது, நடந்து போகப் பத்து நிமிஷம் ஆகும் இடம்.

மகன் கார்டிலிருந்து ஆயா பெயரை நீக்கி, தனிக் கார்டுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். தனி அடுப்பு இருக்கிறதா என்று வந்து பார்த்தார்கள். ஆதாரில் ஆயாவின் பெயர் ஒரு மாதிரியும் பழைய கார்டில் வேறு மாதிரியும் இருந்ததால் ஒரு முறை திரும்பி வந்தது. கார்டு கைக்கு வந்தபோது சித்திரை. அந்த ஆண்டு பேத்திகள் போய்விட்டிருந்தார்கள். ஆனால் அதற்கு அடுத்த தை மாதம், 2025இல், இரண்டு பேரும் ஊரிலேயே ஆயாவோடு இருந்தார்கள். ஆண்டு இறுதித் தேர்வு எழுதினார்கள். அப்போது நான் குழுவில் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் செய்த ஒரே உருப்படியான வேலை எது என்று கேட்டால் சுவரைச் சொல்ல மாட்டேன், அந்தக் கார்டைத்தான் சொல்வேன்.

அதனால் நான் உங்களிடம் கேட்பது இதுதான். இந்த முறை திட்டத்தை வகுப்பறைக் கணக்கிலிருந்து தொடங்காதீர்கள், வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். எத்தனை வகுப்பறை, எத்தனை கழிப்பறை என்பது கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த வீட்டில் யார் தையில் கிளம்புகிறார்கள், எந்தப் பிள்ளை யாரோடு தங்கலாம், தங்குவதற்கு எது தடை என்பது எந்த இணையத்திலும் இல்லை. அது நம் கால் நடந்தால்தான் வரும். நம் பள்ளியில் 150 பிள்ளைகள்கூட இல்லை. 24 பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்தாறு வீடு. இரண்டு சாயங்காலம் போதும்.

சாயங்காலம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு. அந்த நேரத்தில் கூலிக்குப் போனவர்கள் களத்தில் இருப்பார்கள். வர வேண்டுமானால் அரை நாள் கூலி போகும். மூன்று முறை வராவிட்டால், “இந்த ஆளுங்களுக்கு அக்கறையே இல்லை” என்று நம்மில் ஒருவரே சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அரசு சொன்ன கூட்டம் அரசு சொன்ன நேரத்திலேயே நடக்கட்டும், தீர்மானம் அதில் போடுங்கள். ஆனால் கேட்கிற கூட்டம் இரவு ஏழு மணிக்கு மேல், அவர்கள் தெருவில், அவர்கள் கோயில் திடலில் நடக்க வேண்டும். அங்கே நாற்காலி கேட்காதீர்கள். பாயில் உட்காருங்கள்.

அப்புறம் இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்வதை எல்லோரும் சொல்கிறோம். அதே 21ஆம் பிரிவு, நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஏரிக்கரையிலிருந்து நம் குழுவில் இப்போது ஒருவர் இருக்கிறார். அவர் தையில் சூளைக்குப் போய்விடுவார். அவருக்குப் பதிலாக ஊரில் தங்கும் ஒரு ஆயாவையோ தாத்தாவையோ சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள். பாதுகாவலருக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாது என்று யோசிக்க வேண்டாம், கைரேகை போதும்.

எல்லாப் பிள்ளைகளையும் ஊரில் நிறுத்திவிட முடியாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே அக்காவைக் கூட்டிப் போகிற வீடு இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட அம்மாவுக்கு மனம் வராது, அது நியாயம்தான். போகிற பிள்ளைக்கும் திட்டம் வேண்டும். சூளைக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சட்டம் சரிதான், ஆனால் நடைமுறையில் எங்கே முட்டுகிறது என்றால், நம் பள்ளி அந்தப் பெயரை எமிஸில் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் அந்தப் பள்ளி எடுக்க முடியும். நாம் விடுவதில்லை. ஏன் விடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி என்று தூக்கிவிடுவார்கள் என்ற பயம்.

தலைமை ஆசிரியர் அம்மா, இதை உங்களைப் பார்த்து மரியாதையோடு கேட்கிறேன். பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி நடக்கிறது. தையில் போகிற பிள்ளை ஜூனிலோ ஜூலையிலோ திரும்பி வந்துவிடுகிறது. ஜனவரியில் பெயரை விட்டு, ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டால் ஆகஸ்ட் 1 அன்று எண்ணிக்கை நம்மிடம்தான் இருக்கும். இடையில் நான்கு மாதம் அந்தப் பிள்ளை ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும், மதியம் சாப்பிட்டிருக்கும். திரும்பி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் வீட்டுக் கணக்கு. எந்த மேஸ்திரி, எந்த ஊர்ச் சூளை, யாருடைய போன் நம்பர் என்று நம் நோட்டில் இருந்தால், அங்கே இருக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போடலாம். “எங்க பிள்ளைங்க அஞ்சு பேர் உங்க ஏரியாவுக்கு வர்றாங்க, பார்த்துக்கோங்க” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு, சுற்றறிக்கைக்கு இருக்காது. போகும்போது கையில் எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலையும், எந்த நிலையில் இருக்கிறான் என்று ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள்.

வெளி மாநிலத்திலும் இதே பாடு இருக்கிறது. ஒடிசாவில் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து சூளை வேலைக்குக் கிளம்புகிற குடும்பங்கள் ஏராளம். நம் மாநிலத்துச் சூளைகளுக்கும் வருகிறார்கள். அங்கே பெற்றோர் போன பிறகு பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதி என்று நடத்துகிறார்கள். பள்ளிக் கட்டடத்திலேயே இரவில் படுக்கை, சோறு, பார்த்துக்கொள்ள ஆள். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நம் ஒன்றியத்தில் ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்தால் ஓர் இடத்தில் அப்படி ஒரு விடுதி கேட்க முடியும். இந்த ஆண்டே கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2024-25இல் ஒன்றிய அரசு நம் மாநிலத்துக்கு அந்த நிதியையே நிறுத்தி வைத்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் மூன்று ஆண்டுத் திட்டம் என்பது இதற்குத்தானே. கேட்காமல் இருந்தால் மூன்றாவது ஆண்டிலும் கிடைக்காது. இப்போதைக்கு, ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று வட்டார வள மையத்தில் கேட்டு வையுங்கள். ஆதிதிராவிடர் நலத் துறை விடுதியையும் கேளுங்கள். டிசம்பரில் கேட்டு வைத்தால்தான் ஜூனில் நடக்கும்.

காலைச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கி வைத்தபோது நம் பள்ளிக்கும் வந்தது. அன்று நம் பள்ளியில் எல்லோருக்கும் திருவிழாதான். வெளியூர்க்காரர் யாராவது அதைக் குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். காலை எட்டரைக்கு அந்த வராந்தாவில் வந்து பாருங்கள், எப்போதும் தாமதமாக வந்த பிள்ளைகள் எல்லாம் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கும்.

2024 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் நான் அங்கே நின்றிருந்தேன். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தட்டு வைத்துக் காத்திருந்தார்கள். ஏரிக்கரை ஆயாவின் பெரிய பேத்தியும் தம்பி தங்கைகளோடு பழக்க தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். சமைக்கும் அக்கா தலை எண்ணிக்கொண்டே வந்தவர், அவளிடம் வந்ததும் நின்றார். “நீ ஆறாவது ஆயிட்டியேம்மா” என்றார், மெதுவாகத்தான் சொன்னார். அவள் தட்டை எடுத்துத் தங்கையின் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து குழாய்க்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு காலையில் அவள் அந்த வராந்தாப் பக்கம் வருவதில்லை. தங்கையை வாசலில் விட்டுவிட்டு நேராக வகுப்புக்குப் போய்விடுவாள்.

சமைக்கும் அக்காவை யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் கணக்கு, எடை போட்டுத்தான் ரவையும் அரிசியும் வருகிறது. ஆனால் ஐந்தாவது முடித்த மறுமாதம் அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன மாறிவிட்டது? அம்மா இப்போதும் விடியும் முன்பே நடவுக்குப் போகிறாள். மதியச் சத்துணவு வரைக்கும் அந்தப் பெண் வெறும் வயிற்றோடு கணக்குப் போடுகிறாள். நடுநிலைப் பள்ளிகளில்தான் இது கண்ணுக்கு எதிரே நடக்கிறது, ஒரே வராந்தாவில் தங்கை சாப்பிட, அக்கா பார்க்க.

ஆறு முதல் எட்டு வரை நம் பள்ளியில் ஐம்பது சொச்சம் பிள்ளைகள். காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டிக்கக் கோரி நீங்கள் ஒரு தீர்மானம் போடுங்கள், அதை ஜனவரி 26 கிராம சபையில் வைத்து ஊர்த் தீர்மானமாக அனுப்புங்கள். ஒரு ஊர் அனுப்பினால் கோப்பில் தூங்கும், ஒன்றியத்தில் இருக்கும் எல்லா நடுநிலைப் பள்ளியும் அனுப்பினால் யாராவது படிப்பார்கள். அது வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று சொல்லி முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்கிறோம். அவர்கள் டிவி வாங்கித் தருகிறேன், பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள், நல்ல மனசுதான். இந்த முறை அவர்களிடம் ஐம்பது பிள்ளைகளுக்குச் சுண்டலும் வாழைப்பழமும் கேளுங்கள். குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் நான்கு பேரும் வேலையில் இருக்கிறார்கள். தலைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலே ஒரு மாதம் ஓடிவிடும். பெயர்ப் பலகை வைக்க முடியாத நன்கொடை என்பதால் கேட்கத் தயங்காதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு வரும் தொகுப்பு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். சாக்பீஸ், கரண்ட் பில், ரிப்பேர் போக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நான் இதுவரை கேட்டதில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆயாவின் கார்டுக்கு நாங்கள் செலவழித்தது இ-சேவைக் கட்டணமும் பஸ் காசும்தான்.

வீடு வீடாகப் போகும்போது சான்றிதழ்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருளர் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும், அதற்கு அலைந்து அலைந்தே விட்டுவிட்ட வீடுகள் இருக்கின்றன. ஒரு நாள் முகாம் போட்டு எல்லோருடைய மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள். வங்கிக் கணக்கு செயல்படாமல் போனதால் உதவித்தொகை திரும்பிப் போன பிள்ளைகள் யார் யார் என்று டீச்சர்களிடம் பட்டியல் இருக்கும்.

அதைவிட முக்கியமாக, அப்பாவோ அம்மாவோ இறந்துபோன வீடுகள். சம்பாதிக்கும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் நிதியுதவி உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். நம் ஊரில் போன வருஷம் பைக் விபத்தில் போனவரின் மனைவிக்கு அந்த 75,000 ரூபாய் உதவி தெரியாது. துக்கம் கேட்கப் போன நமக்கு யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நானும் போயிருந்தேன், நானும் சொல்லவில்லை. அந்த மனுவை இந்த மாதமே எழுத வேண்டும். எழுத நான் வருகிறேன்.

நான்காம் வகுப்பில் இருக்கும் அந்தப் பையனை மறந்துவிடாதீர்கள், நடக்க முடியாதவன். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாளில் மட்டும் அவன் வருகிறான். மற்ற நாளில் ஏன் வரவில்லை என்று அவன் அம்மாவைக் கேட்டால் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை, கனக்கிறான் என்கிறார். துணைக்கு வருபவருக்குப் பயணப்படி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டியது நாம்.

ஆறாவதில் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோரிடமும் சண்டை போடாமல் ஒரு விஷயம் சொல்லுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்கு அதே போலத் தமிழ்ப் புதல்வன், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவில் இவையெல்லாம் கைநழுவிப் போகும் என்பது நிறையப் பேருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிய வருகிறது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் வந்த பிறகு தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறது, கழிப்பறைக்குத் தினமும் ஆள் வருகிறார், நூலகப் பீரோ பூட்டாமல் திறந்து கிடக்கிறது. நாங்கள் செய்யாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள். நாங்கள் கடைசியில், பதவிக் காலம் முடியப் போகும் நேரத்தில் கண்டுபிடித்த ஒன்றை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். உங்கள் காலமும் அடுத்த ஆண்டு முடிகிறது. இந்த மார்கழிதான் உங்கள் கையில் இருக்கும் மார்கழி.

வருகிற சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நான் ஏரிக்கரை அம்மன் கோயில் திடலில் இருப்பேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வீட்டுக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள், தையில் யார் போகிறார்கள், எந்த ஊர், மேஸ்திரி போன் நம்பர், பிள்ளை யாரோடு தங்கலாம், என்ன தடை, இவ்வளவுதான் கேள்வி. ஆயாவிடம் சொல்லிவிட்டேன், டீ போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறார். வருகிறவர்கள் டார்ச் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஏரிக்கரைப் பாதையில் தெருவிளக்கு இரண்டு எரியவில்லை. அதையும் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
முன்னாள் தலைவி, பள்ளி மேலாண்மைக் குழு